விமர்சகர் படிக்கட்டும், இசை பதில் சொல்லட்டும்: பழைய வசைகளை மேடை நகைச்சுவையாக்கும் வழி

1881 டிசம்பர் 4 அன்று வியன்னாவில் ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கியின் வயலின் கான்செர்ட்டோ (ஒரு தனி வாத்தியத்துக்கும் இசைக்குழுவுக்குமான படைப்பு) முதன்முதலாக மேடையேறியது. வாசித்தவர் அடோல்ஃப் பிராட்ஸ்கி, இசைக்குழுவை நடத்தியவர் ஹான்ஸ் ரிக்டர். அதைக் கேட்டுவிட்டு இசை விமர்சகர் எடுவார்ட் ஹான்ஸ்லிக் நாளிதழில் எழுதினார்: இங்கே வயலினை வாசிக்கவில்லை, பிய்க்கிறார்கள், கிழிக்கிறார்கள், கன்றிப்போகும்படி அடிக்கிறார்கள். கடைசிப் பகுதியில் மட்டமான சாராய நெடி வீசுகிறது என்றார். பார்க்கும்போதே நாறுகிற ஓவியங்கள் உண்டு என்று ஓர் அறிஞர் சொன்னதை எடுத்துக்காட்டி, காதுக்கு நாறும் இசையும் இருக்கக்கூடும் என்ற கொடூரமான எண்ணத்தை இந்தப் படைப்புதான் முதன்முதலில் தருகிறது என்று தீர்ப்பளித்தார்.

இன்று உலகின் பெரிய வயலின் கலைஞர்கள் எல்லாரும் வாசித்தே தீர வேண்டிய படைப்புகளில் அது ஒன்று. ஒருவர் இந்த விமர்சனத்தை மேடையில் படிக்கிறார். படித்து முடித்ததும் பக்கத்தில் நிற்கும் வயலின் கலைஞர் வில்லை எடுத்து அதே இசையைத் தொடங்குகிறார். பார்வையாளர் அவை முதலில் சிரிக்கும், பிறகு வாயடைத்துக் கேட்கும். மேற்கத்திய செவ்வியல் இசையை ஒரு நாளும் கேட்காதவரைக்கூட இந்த வழியில் உள்ளே அழைத்துவந்துவிடலாம். கல்லூரி நாடகக் குழு, இசைப்பள்ளி, நான்கைந்து நண்பர்கள் என யார் வேண்டுமானாலும் செய்யலாம். தொடங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

எங்கே தேடுவது

இந்தத் துறையில் ஒரு முன்னோடி உண்டு. 1894-இல் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்கில் பிறந்து 1995-இல் லாஸ் ஏஞ்சலீசில் மறைந்த நிக்கோலஸ் ஸ்லோனிம்ஸ்கி, பேத்தோவன் காலம் தொட்டு இசையமைப்பாளர்கள் வாங்கிக்கட்டிக்கொண்ட வசைகளைத் திரட்டி 1953-இல் ஒரு நூலாக வெளியிட்டார். ‘லெக்சிகன் ஆஃப் மியூசிக்கல் இன்வெக்டிவ்’ என்று பெயர். கடைசியில் எந்த வசைச்சொல் யார்மேல் வீசப்பட்டது என்று தேட ஓர் அகராதியே சேர்த்திருக்கிறார். முதலில் அதைப் படியுங்கள். ஆனால் அவருடைய ஆங்கில மொழிபெயர்ப்பிலிருந்து அப்படியே தமிழாக்கி மேடையேற்றாதீர்கள். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கும், மொழிபெயர்ப்புக்கும் அது பொருந்தும். அந்த நூலை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு மூலக் கட்டுரைக்குப் போங்கள். ஹான்ஸ்லிக் 1904-இல் இறந்தார், அவர் எழுத்தை யாரும் பயன்படுத்தலாம். ஆஸ்திரிய தேசிய நூலகம் பழைய நாளிதழ்களை ‘அன்னோ’ என்ற இணையத் தொகுப்பில் இலவசமாகத் தருகிறது. பிரெஞ்சு இதழ்களுக்கு அந்நாட்டு தேசிய நூலகத்தின் ‘காலிகா’ இருக்கிறது. மூல மொழி தெரிந்த ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

மூலத்தைத் தேடச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்தத் துறையில் பொய் மேற்கோள்கள் மலிந்து கிடக்கின்றன. பேத்தோவனின் ஏழாவது சிம்ஃபொனியை (முழு இசைக்குழுவுக்கான பெரிய படைப்பு) கேட்ட இசையமைப்பாளர் வேபர், ‘இந்த ஆள் பைத்தியக்கார விடுதிக்குப் பழுத்துவிட்டார்’ என்றதாக எங்கும் எழுதியிருக்கும். வேபர் அப்படி எழுதியதற்கு உறுதியான சான்று இல்லை. அந்தக் கதை பேத்தோவனின் செயலாளராக இருந்த ஷிண்ட்லர் வழியாக வருகிறது. காது கேளாத பேத்தோவனோடு மற்றவர்கள் எழுதிப் பேசிய உரையாடல் குறிப்பேடுகளிலேயே பின்னாளில் தன் கையால் வரிகளைச் சேர்த்தவர் அவர். நாளிதழின் பெயரும் ஆண்டும் கிடைக்காத வசை எவ்வளவு சுவையாக இருந்தாலும் வேண்டாம். உண்மையிலேயே அச்சில் வந்தது என்று தெரியும்போதுதான் அவை இரண்டு மடங்கு சிரிக்கிறது.

முதல் உருப்படி ஷோப்பானாக இருக்கட்டும்

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என் பரிந்துரை இதுதான். ஒரு பியானோவும் படிக்க ஒருவரும் போதும். பெர்லினில் லுட்விக் ரெல்ஸ்டாப் என்ற விமர்சகர் தன் இசை இதழில் ஷோப்பானின் ஒன்பதாம் எண் தொகுதியான நாக்டர்ன்களை (இரவின் மனநிலையில் அமைந்த சிறு பியானோ படைப்புகள்) பற்றி 1833-இல் எழுதினார். நாக்டர்ன் என்ற வடிவத்தை உருவாக்கிய அயர்லாந்துக்காரர் ஜான் ஃபீல்டோடு ஷோப்பானை ஒப்பிட்டார். ஃபீல்ட் புன்னகைக்கும் இடத்தில் ஷோப்பான் பல்லை இளிக்கிறார். ஃபீல்ட் பெருமூச்சு விடும் இடத்தில் இவர் முனகுகிறார். ஃபீல்ட் தோளைக் குலுக்கும் இடத்தில் இவர் உடம்பையே முறுக்குகிறார். ஃபீல்ட் சாப்பாட்டில் கொஞ்சம் மசாலா தூவினால் இவர் கை நிறைய மிளகாய்த்தூளைக் கொட்டுகிறார்.

இந்த அமைப்பைக் கவனியுங்கள். இரண்டாவது இணையிலேயே அவைக்கு ஓட்டம் பிடிபட்டுவிடும், மூன்றாவதில் சிரிப்பு கிளம்பும், நான்காவது மிளகாய்த்தூள். நகைச்சுவை எழுத்தாளர் எழுதிக்கொடுத்ததுபோல் அமைந்திருக்கிறது, நீங்கள் எதையும் சேர்க்க வேண்டாம். மேடையில் மிளகாய்த்தூள் டப்பாவைக் காட்டுவது போன்ற வேலைகளும் வேண்டாம். படித்து முடித்ததும் பியானோ கலைஞர் அந்தத் தொகுதியின் இரண்டாம் நாக்டர்னை முழுவதுமாக வாசிக்கட்டும். நாலரை நிமிடம்தான் ஆகும். பெயர் தெரியாதவர்களும் எங்கோ கேட்ட மெட்டு அது.

இதோடு நிறுத்தினால் நல்ல உருப்படி. இன்னும் ஒரு படி போனால் மறக்க முடியாத உருப்படி ஆகும். ரெல்ஸ்டாப் கவிஞரும்கூட. ஷூபர்ட் தன் கடைசி ஆண்டான 1828-இல் அவருடைய கவிதைகள் சிலவற்றுக்கு இசையமைத்தார். உலகெங்கும் ‘செரனேட்’ என்று அறியப்படும் அந்தப் பாடலின் சொற்கள் ரெல்ஸ்டாப்புடையவை. ஆகவே நாக்டர்ன் முடிந்ததும் தொகுப்பாளர், ‘சற்று முன் கேட்ட விமர்சகர் எழுதிய கவிதை இது’ என்று மட்டும் சொல்லட்டும். பாடகர் வந்து பாடட்டும். இவ்வளவு நேரம் கேலிக்குரியவராக இருந்த மனிதர் மரியாதையோடு எழுந்து நிற்பார்.

விமர்சகரை முட்டாளாக்காதீர்கள்

இந்த நிகழ்ச்சியைக் கெடுக்கும் பெரிய தவறு இதுதான். புதியவர்கள் விமர்சகருக்குப் பொய்மீசை ஒட்டி, மூக்கால் பேசவைத்து, கோமாளியாக்கிவிடுகிறார்கள். முதல் நிமிடம் சிரிப்பு வரும், மூன்றாவது நிமிடம் அலுத்துவிடும். ஹான்ஸ்லிக் வியன்னா பல்கலைக்கழகத்தில் இசையியல் பேராசிரியர். 1854-இல் அவர் எழுதிய இசையழகியல் நூலை இன்றும் மாணவர்கள் படிக்கிறார்கள். இவ்வளவு படித்த, இவ்வளவு காது கூர்மையான ஒருவர் இவ்வளவு உறுதியோடு சொன்னார் என்பதில்தான் நகைச்சுவை இருக்கிறது. ஆகவே உங்கள் நடிகர் ஒவ்வொரு சொல்லையும் நம்பிப் படிக்க வேண்டும். இந்தக் கச்சேரியால் உண்மையிலேயே அவருக்குக் காது வலித்திருக்கிறது, நல்ல ரசனையைக் காக்கும் பொறுப்பும் தன்மேல் இருப்பதாக நினைக்கிறார். அந்த மனநிலையில் படிக்கட்டும்.

அதே விமர்சனத்தில் இருக்கும் பாராட்டையும் வெட்டாதீர்கள். கான்செர்ட்டோ ஆரம்பத்தில் கொஞ்ச நேரம் அளவோடும் திறமையோடும் போகிறது என்று ஹான்ஸ்லிக் ஒப்புக்கொள்கிறார். மெதுவான இரண்டாம் பகுதி தன்னைச் சமாதானப்படுத்தும் வழியில் இருந்ததாகவும் சொல்கிறார். நியாயமாகப் பேசத் தொடங்கும் மனிதர் படிப்படியாகப் பொறுமை இழந்து சாராய நெடிக்கு வந்துசேர்வது நல்ல நாடகம். பாராட்டை வெட்டினால் ஏறுவதற்குப் படியே இருக்காது.

அன்றைய நிலைமையையும் ஓரிரு வரிகளில் அவைக்குச் சொல்லுங்கள். ஒத்திகை போதவில்லை, இசைத் தாள்களில் பிழைகள் நிறைய இருந்தன, குளறுபடி தெரியாமலிருக்க இசைக்குழு முழுவதையும் மிக மெல்ல வாசிக்கவைத்தார்கள் என்று பிராட்ஸ்கியே பின்னர் எழுதியிருக்கிறார். பதிவு செய்த இசை இன்னும் பரவாத காலத்தில், அந்த ஒரே ஒரு தடவை கேட்டதை வைத்து ஹான்ஸ்லிக் எழுதினார். நாம் நூறு முறை கேட்டபின் அவரைப் பார்த்துச் சிரிக்கிறோம்.

வசைகளைச் சங்கிலியாகக் கோத்துவிடுங்கள்

தனித்தனி விமர்சனங்களை வரிசையாகப் படித்தால் அரை மணி நேரத்தில் ஓட்டம் தெரிந்துவிடும். ஒரு வசை அடுத்த வசைக்குக் கதவு திறக்க வேண்டும். அதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டு வியன்னாவைப் போல் வளமான ஊர் கிடையாது.

ஹான்ஸ்லிக் சைக்கோவ்ஸ்கியைத் திட்டினார். அந்த விமர்சனத்தை வரி பிசகாமல் மனப்பாடமாக ஒப்பிக்கும் அளவுக்கு அது சைக்கோவ்ஸ்கியை வருத்தியதாகச் சொல்வார்கள். அதே சைக்கோவ்ஸ்கி 1886-இல் தன் நாட்குறிப்பில் பிராம்ஸைப் பற்றி எழுதியதை அடுத்துப் படியுங்கள்: அயோக்கியன், திறமையே இல்லாதவன் என்று வசை பொங்குகிறது. பிராம்ஸ் யார்? ஹான்ஸ்லிக் கொண்டாடிய இசையமைப்பாளர், அவருடைய நண்பர். இங்கே அவை ஒருமுறை சிரித்து, பிறகு யோசிக்கத் தொடங்கும். அடுத்து இளைஞர் ஹூகோ வோல்ஃப். 1884 முதல் 1887 வரை ஒரு வார இதழில் விமர்சகராக இருந்தவர். இசையமைப்பாளர் லிஸ்ட்டின் ஒரு ஜால்ரா அடியில் இருக்கும் உயிரும் உணர்வும் பிராம்ஸின் மூன்று சிம்ஃபொனிகளையும் சேர்த்தாலும் வராது என்று எழுதினார். 1886-இல் வோல்ஃபின் சொந்தப் படைப்பு ஒன்றை வியன்னா ஃபில்ஹார்மோனிக் வாசித்துப் பார்த்தபோது வாத்தியக்காரர்களே சிரித்தார்கள். அன்றும் நடத்துநர் அதே ரிக்டர்தான். நான்கு பேர், ஐந்தாறு ஆண்டுகள். இதைத் தொகுப்பாளர் ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டு போனால் அரங்கு கூடவே வரும்.

சங்கிலியின் முடிவில் வாக்னரை வையுங்கள். விமர்சகரை மேடை நகைச்சுவையாக்கும் வேலையை 1868-லேயே அவர் செய்துவிட்டார். ‘டி மைஸ்டர்சிங்கர்’ ஓப்பராவில் பெக்மெஸ்ஸர் என்ற பாத்திரம் பாடகர்களின் பிழைகளைப் பலகையில் சுண்ணாம்புக்கட்டியால் குறித்துவைப்பவர். முந்தைய ஒரு வரைவில் அந்தப் பாத்திரத்துக்கு ‘ஹான்ஸ்லிஹ்’ என்று பெயர் வைத்திருந்தார், ஹான்ஸ்லிக்கின் பெயரிலிருந்து ஓர் எழுத்துதான் வேறு. இரண்டாம் அங்கத்தில் பெக்மெஸ்ஸர் தன் காதல் பாட்டைப் பாட வருகிறார். செருப்புத் தைக்கும் ஹான்ஸ் ஸாக்ஸ் ஒவ்வொரு பிழைக்கும் சுத்தியலால் ஓர் அடி அடிக்கிறார், பாட்டு முடியும்போது செருப்பும் தயாராகிவிடுகிறது. ஒரு பாடகர், ஒரு பியானோ, ஒரு சுத்தியல் இருந்தால் இந்தக் காட்சியின் சிறு பகுதியைச் செய்துவிடலாம். ஆனால் ஹான்ஸ்லிக்கின் யூதப் பின்னணியைக் குறிவைத்து வாக்னர் அச்சில் தாக்கியதையும் தொகுப்பாளர் அறிந்திருக்க வேண்டும். பெக்மெஸ்ஸரின் உடல்மொழியில் எந்தச் சமூகத்தையும் கேலி செய்யும் சாயல் வந்துவிடக் கூடாது.

எதை விட்டுவிட வேண்டும்

பழைய விமர்சனங்களில் இனவெறி நிறைய. இசையமைப்பாளர் மாலரைப் பற்றி எழுதியவற்றில் யூத வெறுப்பு, ஜாஸ் சாயலுள்ள இசையைப் பற்றி எழுதியவற்றில் கறுப்பின மக்கள்மேல் இழிவு. இவற்றைக் ‘காலத்தின் குரல்’ என்று சொல்லி மேடையேற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஹான்ஸ்லிக்கின் விமர்சனத்திலேயே ரஷ்யர்களைக் காட்டுமிராண்டிகளாகக் காட்டும் தொனி உண்டு. அதை வைத்துக்கொள்வதாக இருந்தால், சிரிப்பு அவர்மேல் விழுகிறதா ரஷ்யர்மேல் விழுகிறதா என்று ஒத்திகையில் நான்கு வெளியாட்களை உட்காரவைத்துப் பாருங்கள்.

1936 ஜனவரி 28 அன்று சோவியத் கட்சி நாளிதழ் ‘பிராவ்தா’வில் இசையமைப்பாளர் ஷொஸ்டகோவிச்சின் ஓப்பராவைத் தாக்கி வந்த பெயரில்லாத கட்டுரையை நகைச்சுவை நிகழ்ச்சியில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். ‘இசைக்குப் பதில் குழப்பம்’ என்ற தலைப்பு சிரிக்கவைப்பதுபோல் தோன்றும். ஸ்டாலின் அரங்குக்கு வந்துபோன இரண்டு நாளில் வந்த கட்டுரை அது, இந்த விளையாட்டு மோசமாக முடியலாம் என்று மிரட்டியது. ஆட்கள் காணாமல் போய்க்கொண்டிருந்த நாட்டில் அச்சான மிரட்டலுக்கு யாரும் சிரிக்கக் கூடாது.

தமிழ் வாசகர்களுக்குக் காரசாரமான இசை விமர்சனம் புதிதல்ல. ஆனந்த விகடனில் ‘கர்நாடகம்’ என்ற பெயரில் கல்கி எழுதியதும், பின்னாளில் சுப்புடு எழுதியதும் நினைவிருக்கும். அவற்றையும் சேர்க்கலாமே என்ற ஆசை வரும். இப்போதைக்கு வேண்டாம் என்பேன். திட்டு வாங்கியவர்களின் பிள்ளைகளும் சீடர்களும் நம்மிடையே இருக்கிறார்கள், முன்வரிசையிலேயே உட்கார்ந்திருக்கக்கூடும். நூறு ஆண்டு கடந்த வசை யாரையும் காயப்படுத்தாது.

தமிழாக்கமும் படிக்கும் முறையும்

இவர்கள் எல்லாரும் நீண்ட வாக்கியங்கள் எழுதிய கனவான்கள். தெருச்சண்டைத் தமிழுக்கு மாற்றினால் வசை மலிவாகிவிடும். பழைய இலக்கிய இதழ்களில் வந்த மதிப்புரைத் தமிழ் பொருந்தும்: அடக்கமான நடை, நடுவே ஒரு சுடுசொல். மரியாதை விகுதியோடு திட்டும்போது சிரிப்பு கூடும். ஒரு விமர்சனம் ஒன்றரை நிமிடத்தைத் தாண்டக் கூடாது. கைக்கடிகாரத்தோடு படித்துப் பார்த்து வெட்டுங்கள். கடைசிச் சொல்லாகச் சுடுசொல் வரும்படி வாக்கியத்தை அமையுங்கள். வினைமுற்றில் முடிக்க வேண்டிய தமிழில் இது எளிதல்ல, ஆகவே இதற்கு நேரம் ஒதுக்குங்கள்.

படிப்பவர் தாளைப் பார்த்தே படிக்கட்டும். அச்சான கட்டுரை என்ற எண்ணம் அவைக்கு இருக்க வேண்டும். சிரிப்பு எழும்போது நிறுத்த வேண்டும், ஆனால் சிரிப்பை எதிர்பார்த்து நிறுத்தக் கூடாது. பட்டிமன்ற பாணியில் ‘இது நியாயமா?’ என்று அவையைக் கேட்கும் பழக்கம் நம் மேடைகளில் எளிதில் ஒட்டிக்கொள்ளும், அதைத் தவிருங்கள். தீர்ப்பைப் பியானோ சொல்லப்போகிறது.

இசை சரியாக இல்லையென்றால் நிகழ்ச்சியே இல்லை

வாத்தியம் சுருதி விலகினால் ஹான்ஸ்லிக் சொன்னது சரி என்று ஆகிவிடும். நகைச்சுவை நிகழ்ச்சிதானே என்று அரைகுறையாக வாசிப்பவர்களை ஏற்றாதீர்கள். 1956 நவம்பரில் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் ஜெரார்ட் ஹாஃப்னங் நடத்திய இசை நகைச்சுவை விழாவில் தோட்டத்துத் தண்ணீர்க் குழாயை வாத்தியமாக ஊதியவர் டென்னிஸ் பிரெய்ன். அந்தக் காலத்தின் தலைசிறந்த ஹார்ன் கலைஞர் அவர். அந்த ஊதல் சுத்தமாக இருந்ததால்தான் அரங்கம் அதிர்ந்தது.

உங்கள் கலைஞர்களால் என்ன முடியுமோ அதற்கேற்ப விமர்சனத்தைத் தேர்ந்தெடுங்கள், தலைகீழாகச் செய்யாதீர்கள். சைக்கோவ்ஸ்கி கான்செர்ட்டோவின் முதல் பகுதி கடினம் என்றால் இரண்டாம் பகுதியை மட்டும் வாசிக்கலாம். வயலினுக்கும் பியானோவுக்குமான வடிவத்தை இசையமைப்பாளரே செய்துவைத்திருக்கிறார். துண்டு துண்டாக முப்பது வினாடி வாசித்து வெட்டுவது மிகப் பெரிய அநியாயம். ஒரு பகுதியை எடுத்தால் அது முடியும் இடம் வரை வாசிக்க வேண்டும். சிரிப்பு இறங்கத் தொடங்கி, முற்றிலும் அடங்குவதற்குச் சற்று முன் முதல் ஸ்வரம் விழ வேண்டும். இதை ஒத்திகையில் பழக முடியாது, கலைஞர் அவையைக் கேட்டுக்கொண்டே நிற்க வேண்டும்.

ஒரு இடத்தில் சிரிப்பு நிற்கட்டும்

1897-இல் பீட்டர்ஸ்பர்கில் ரஷ்ய இசையமைப்பாளர் ரஹ்மானினோவின் முதல் சிம்ஃபொனி அரங்கேறியது. நடத்தியவர் கிளாசுனோவ், நன்றாக நடத்தவில்லை. நரகத்தில் ஓர் இசைக் கல்லூரி இருந்து, அங்கே படிக்கும் திறமைசாலி மாணவனிடம் எகிப்தின் வாதைகளைப் பற்றி சிம்ஃபொனி எழுதச் சொன்னால் இதைத்தான் எழுதியிருப்பான், நரகவாசிகள் மகிழ்ந்திருப்பார்கள் என்று விமர்சகர் சேசர் குயி எழுதினார். அபாரமான வரி, அரங்கம் பெரிதாகச் சிரிக்கும்.

அந்தச் சிரிப்பு ஓய்ந்தபின் தொகுப்பாளர் மெதுவாகச் சொல்லட்டும்: அப்போது ரஹ்மானினோவுக்கு வயது 23. அதற்குப்பின் மூன்று ஆண்டுகள் பெரிதாக எதையும் எழுத முடியவில்லை. அந்தச் சிம்ஃபொனி அவர் உயிரோடு இருந்தவரை மறுபடி வாசிக்கப்படவேயில்லை. 1945-இல்தான் மீண்டும் மேடை கண்டது. மருத்துவர் நிக்கோலாய் டாலிடம் சிகிச்சை பெற்றுத் தேறி எழுதிய இரண்டாம் பியானோ கான்செர்ட்டோவை அந்த மருத்துவருக்கே சமர்ப்பித்தார். இதைச் சொன்னதும் பியானோ கலைஞர் அந்தக் கான்செர்ட்டோவின் தொடக்க மணியோசைக் கோவைகளை வாசிக்கட்டும். நிகழ்ச்சியின் முக்கால் பங்கில் இதை வையுங்கள். இது இல்லாவிட்டால் மொத்த மாலையும் வெறும் துணுக்குத் தோரணமாகிவிடும் என்பது என் கருத்து.

வரிசையும் நேரமும்

மொத்தம் 75 நிமிடம் போதும், இடைவேளை வேண்டாம். ஷோப்பானும் ஷூபர்ட்டும் முதலில், பிறகு வியன்னா சங்கிலி. அதன்பின் இசை விமர்சகராகவும் இருந்த நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா, சிறிய உருப்படி: பிராம்ஸின் ரெக்வியத்தை (இறந்தோருக்கான இசை) பொறுமையாகக் கேட்கப் பிணத்தால் மட்டுமே முடியும் என்ற பொருள்பட எழுதியவர், பின்னாளில் தன் பழைய பிராம்ஸ் விமர்சனத்துக்குத் தானே அடிக்குறிப்பு போட்டு, அது அவசரப்பட்டுச் சொன்னது என்று ஒப்புக்கொண்டார். இரண்டையும் ஒரே நடிகர் படிக்கட்டும். அடுத்து ரஹ்மானினோவ்.

கடைசியில் ஜெர்மன் இசையமைப்பாளர் மாக்ஸ் ரேகர். 1906-இல் மியூனிக்கில் அவர் படைப்பை ரூடால்ஃப் லூயி என்ற விமர்சகர் கிழித்துப்போட்டார். ரேகர் பதில் கடிதம் எழுதினார்: ‘என் வீட்டின் மிகச் சிறிய அறையில் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் விமர்சனம் எனக்கு முன்னால் இருக்கிறது. இன்னும் சிறிது நேரத்தில் அது எனக்குப் பின்னால் இருக்கும்.’ மூன்றே வாக்கியம். ஒவ்வொன்றுக்கும் நடுவே போதிய இடைவெளி விடுங்கள், சிலருக்குப் புரியக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். பிறகு ரேகரின் சின்னப் பியானோ படைப்பு ஒன்றோடு முடியுங்கள். பெரும்பாலானோர் அவர் இசையை அன்றுதான் முதன்முறையாகக் கேட்பார்கள்.

நிகழ்ச்சித் தாளில் ஒவ்வொரு விமர்சனத்தின் இதழ், ஆண்டு, எழுதியவர், அதற்கு எதிரே வாசித்த படைப்பின் முழுப்பெயர் ஆகியவற்றைத் தமிழில் அச்சிட்டுக் கொடுங்கள். வீட்டுக்குப் போனதும் தேடிக் கேட்கப் பலர் விரும்புவார்கள். பெயர் சரியாகத் தெரியாமல் அந்த ஆசை வீணாகக் கூடாது.